பூசியும் திரும்பும் சிரங்கு

கேள்வி: என் பிள்ளைகள் இருவருக்கும் விரலிடுக்கிலும் இடுப்பிலும் வந்த சொறிசிரங்கு களிம்பு பூசியதும் ஆறிவிட்டது, ஆனால் ஆழ்கடல் தொழிலுக்குப் போயிருந்த கணவர் கரை திரும்பிய சில வாரங்களில் மறுபடியும் வந்துவிட்டது. உப்புக்காற்றும் அழுக்கும்தான் காரணம் என்கிறார் மாமியார். ஏதோ தீவுகளில் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்து இதைக் குறைத்தார்களாமே, உண்மையா?
- வாசகி, தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உப்புக்காற்றின்மேல் பழி போட வேண்டாம், இருவேளை குளிப்பவரையும் இந்தச் சிரங்கு விடாது. எளிதில் கண்ணுக்குத் தென்படாத எட்டுக் கால்கள் கொண்ட நுண்பூச்சியொன்று தோலைக் குடைந்து முட்டையிடுவதால் வரும் இந்நோய், ஒட்டிப் படுத்துறங்குபவர்களிடையே பரவுகிறது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம் என்பதால், நெருக்கமான படகில் பலரோடு படுத்தெழுந்த உங்கள் கணவர், தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பியபடியே அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடும்.

தீவுகளைப் பற்றி நீங்கள் கேட்டது உண்மைதான். பிஜித் தீவுகளில் 2012-இல் தொடங்கிய ஆய்வில், எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த ஊர்களில் சிரங்குள்ளோர் ஓராண்டில் 32.1 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்தனர். நோயாளிகளுக்கும் அவர்களோடு பழகியோருக்கும் மட்டும் பெர்மெத்ரின் களிம்பு கொடுத்த ஊர்களிலோ 36.6-இலிருந்து 18.8 வரைதான் குறைந்தது. சொறிந்த புண்ணில் நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சில பிள்ளைகளுக்குச் சிறுநீரக அழற்சியை உண்டாக்குவதால், இதை வெறும் அரிப்பென்று ஒதுக்க முடியாது. முகம் வீங்கினாலோ சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டில் விடுபட்டவர் உங்கள் கணவர்தான். அவர் கரையில் இருக்கும்போதே, மருத்துவரிடம் எல்லோருக்கும் களிம்பு கேட்டு வாங்கி, அரிப்பே இல்லாத மாமியார் உட்பட அனைவரும் ஒரே இரவில் கழுத்து முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் படுப்பதுண்டென்றால் அந்த வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பூசிவிட்டுத் தாய் கையைக் கழுவிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு: பூச்சிக்குப் பிடித்தமான விரலிடுக்கில் மருந்தே இருக்காது, கழுவியதும் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை பூசுங்கள். உடலை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்காது; ஆகவே துவைக்க முடியாத போர்வையை ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் போதும். மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை என்பதால், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். பூச்சி செத்த பிறகும் சில வாரங்கள் அரிக்கும். அதற்காகத் தினமும் களிம்பு பூசத் தேவையில்லை.