ஒரே சர்வரில் எட்டுப் பேர்: கொட்டேஷனில் இல்லாத உரிமம்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெயின்ட் மொத்த வியாபாரம் செய்கிறோம், புதுச்சேரியில் கிளை உண்டு. இரண்டு இடங்களிலும் சேர்த்து எட்டுப் பேர் பில் போடுகிறார்கள். பில்லிங் மென்பொருளைக் கடலூரில் ஒரே சர்வரில் நிறுவி, எல்லோரும் நெட் வழியாக அதிலேயே வேலை செய்யலாம் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். சர்வர் கணினி, அதில் ஓடும் விண்டோஸ் சர்வர் மென்பொருள், நிறுவும் கூலி ஆகிய மூன்றும் மட்டுமே அதில் உள்ளன. வாங்கலாமா?

பதில்: ஏற்பாடு நல்லதே, கொட்டேஷன்தான் முழுமையாக இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் எனப்படும் இம்முறையில் பில்லிங் மென்பொருள் சர்வரிலேயே ஓடும். ஊழியரின் கணினிக்குத் திரையின் படம் மட்டும் வரும், அங்கிருந்து விசையழுத்தமும் மவுஸ் அசைவும் போகும். ஆகவே இப்போதுள்ள பழைய கணினிகளே பெரும்பாலும் போதும்.

சிக்கல் உரிமத்தில்தான் இருக்கிறது. விண்டோஸ் சர்வரை மட்டும் வாங்கினால், நிர்வாகப் பணிக்காக ஒரே நேரத்தில் இருவர் உள்ளே வரலாம், அவ்வளவே. எட்டுப் பேரும் வேலை செய்ய, சர்வரை அணுகுவதற்கான சிஏஎல், ரிமோட் டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎஸ் சிஏஎல் என ஆளுக்கு இரண்டு உரிமங்கள் வேண்டும். பின்னது இல்லாமலும் 120 நாட்கள் எல்லாம் ஒழுங்காக ஓடும். அந்தச் சலுகைக் காலம் முடிந்ததும், உரிமம் தரும் சர்வர் இல்லை என்ற செய்தியோடு இணைப்பு மறுக்கப்படும், அதற்குள் நிறுவியவர் முழுப் பணத்தையும் வாங்கியிருப்பார். பில்லிங் மென்பொருளுக்கும் பலர் பயன்படுத்தும் உரிமம் தேவை. டாலி என்றால் சில்வர் உரிமம் ஒருவருக்கு மட்டுமே, உங்களுக்குக் கோல்டு உரிமம் வேண்டும்.

கடலூரில் நெட் அறுந்தால் புதுச்சேரிக் கிளையும் நின்றுவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்ட கரை இது என்பதால், யுபிஎஸ், வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு, வேறிடத்தில் வைக்கும் பேக்கப் ஆகியவற்றையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு நுழையும் 3389 என்ற போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தரவைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள் தேடி வரும் வாசல் அது. இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை போன்ற விபிஎன் வழியாகவே இணைக்கச் சொல்லுங்கள்.

வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் பிழைப்பவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே உங்களுக்குத் துணை, கையில் இருக்கும் காகிதமே. ஒவ்வொரு உரிமத்தின் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய புதிய கொட்டேஷனை வாங்குங்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பில் போட்டு, புதுச்சேரிப் பிரிண்டரில் அது சரியாக அச்சாகி, உரிமங்கள் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவானதைப் பார்த்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.