எப்போதும் 800 கிலோ சுமையோடு காட்டுப் பாதையில் ஓடும் பிக்கப்புக்குப் பின் ஆக்சிலை மாற்றலாமா?

கேள்வி சுருக்கமாக: பட்டா ஸ்பிரிங் வைத்த ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். 31 அங்குல டயரை எடுத்துவிட்டு 35 போட்டாயிற்று. தண்ணீர், டீசல், கூடாரம், கருவிகள் என்று 800 கிலோ நிரந்தரச் சுமை. வலது பின் சக்கர பேரிங் இரண்டு முறை போய்விட்டது. பெரிய கிரவுன் வீல் (ஆக்சிலின் நடுவே இருக்கும் பெரிய பல்சக்கரம்) உள்ள ஆக்சிலைப் போட்டால் தீருமா?

கிரவுன் வீல் அளவைப் பிறகு பேசலாம். ஒரே பக்கத்து பேரிங் இரண்டு முறை போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹவுசிங் குழாயை, அதாவது சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டை மூடியிருக்கும் ஆக்சில் உறையை. குழாயின் முனை துளி வளைந்திருந்தாலும் பேரிங் ஒரு ஓரத்தில் மட்டும் சுமையைத் தாங்கும். எந்தக் கம்பெனி பேரிங் போட்டாலும் இதே கதைதான். அடுத்த சந்தேகம், பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றிய விதம். உள் வளையத்தைப் பிடித்து பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். வெளி வளையத்தில் அழுத்தி ஏற்றினால் புது பேரிங்கிலேயே குழி விழுந்துவிடும்.

வளைவைக் கண்டுபிடிக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. சுமையோடு வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இரண்டு பின் டயர்களிலும் முன்பக்கம், ஆக்சில் உயரத்தில், டிரெட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு என்று டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை மெல்ல உருட்டி அதே கோடுகளைப் பின்பக்கம், அதே உயரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்து பாருங்கள். ஓரிரு மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம். நான்கைந்து வந்தால் குழாய் வளைந்துவிட்டது. டயரின் உள் ஓரம் மட்டும் தேய்வதும் இதே நோய்தான்: சுமை ஸ்பிரிங் வழியாக நடுவில் அழுத்த, சக்கரங்களின் தலை உள்ளே சாய்கிறது. கையோடு ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரையும் (உள்காற்றை வெளிவிடும் சிறு வாய்) ஊதிப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும், பிரேக் லைனிங் நனையும். பைசா செலவில்லாத வேலை, பலர் செய்வதில்லை.

அடுத்தது எடைமேடை. பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். கதவுத் தூணில் உள்ள தகட்டில் பின் ஆக்சிலின் வரம்பு இருக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் ஆக்சில் தாண்டியிருக்கலாம், அதற்குக் காரணம் நெம்பு. வீல்பேஸ் 3.1 மீட்டர் என்று வையுங்கள். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 200 கிலோ தொங்கினால் பின் ஆக்சிலில் ஏறுவது 265 கிலோ, முன்னால் 65 கிலோ குறைகிறது. ஸ்டெப்னி, தண்ணீர் டாங்கி, சமையல் பெட்டி எல்லாம் வால் பக்கம்தான் போய்ச் சேரும். தண்ணீரைக் கேபினை ஒட்டி நகர்த்தினாலே பாதித் தலைவலி குறையலாம். அதற்குப் பிறகும் எண் வரம்பைத் தாண்டினால் ஆக்சிலைப் பற்றி யோசிக்கலாம். வரம்புக்குள் வந்துவிட்டால் நேரான ஹவுசிங் ஒன்றை மாற்றிப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

எதைப் போடுவது? என் தேர்வு ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில், வேறெதுவும் இல்லை. இப்போது உங்களிடம் இருப்பது அநேகமாக செமி ஃப்ளோட்டிங். அதில் சக்கரம் ஷாஃப்டின் விளிம்பிலேயே பூட்டியிருக்கும். ஒரே ஷாஃப்ட் சக்கரத்தையும் சுற்ற வேண்டும், வண்டியின் எடையையும் தாங்க வேண்டும். குழாய் முனையில் இருக்கும் ஒற்றை பேரிங்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று போகும் ஆபத்து உண்டு, ஷாஃப்டை உள்முனையில் ஒரு சி-கிளிப் மட்டும் பிடித்திருக்கும் வகைகளில் கேட்கவே வேண்டாம். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் குழாய் முனையில் ஸ்பிண்டில், அதன் மேல் ஹப், ஹப்புக்குள் இரண்டு டேப்பர் பேரிங். எடை முழுவதும் அவற்றின் வழியாக ஹவுசிங்கில் இறங்கிவிடும். ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். ஜாக்கி போடாமலே ஷாஃப்டை வெளியே உருவலாம்.

கிரவுன் வீல் கணக்கு இதற்கு அப்புறம். டானா 44 என்ற ஆக்சிலில் அதன் விட்டம் சுமார் 8.5 அங்குலம், டானா 60-இல் 9.75, ஜிஎம் 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டரில் 10.5. ஜிஎம்மில் பினியனின் (கிரவுன் வீலைச் சுற்றும் சிறு பல்சக்கரம்) தலைப்பக்கமும் ஒரு பேரிங் தாங்குவதால் பாரத்தில் பினியன் விலகாது. ஆனால் 8 அங்குலத்திலிருந்து 10.5-க்குப் போனால் ஹவுசிங்கின் வயிறு குறைந்தது 32 மி.மீ. கீழே இறங்கும். 35 டயர் போட்டுச் சம்பாதித்த உயரம் 50 மி.மீ., அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. உங்கள் சுமைக்கு 9.5 முதல் 9.75 வரை தாராளம். ஷாஃப்ட் விஷயத்தில் தடிமன்தான் பேசும், முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடியில் ஏறுகிறது. டானா 60-இல் 30 ஸ்பிளைன் (முனையில் வெட்டிய பல்வரி) ஷாஃப்ட் 1.31 அங்குலம், 35 ஸ்பிளைன் 1.5. பார்த்தால் சின்ன வித்தியாசம், வலிமையோ ஒன்றரை மடங்கு. டயர் 31-லிருந்து 35 ஆனதில் ஷாஃப்டுக்கு வரும் முறுக்கு 13 சதவீதம்தான் கூடியிருக்கிறது.

பழைய ஹவுசிங்கிலேயே ஃபுல் ஃப்ளோட் கிட் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஹவுசிங் நேராக இருந்தால் போடலாம். வளைந்த குழாயில் ஸ்பிண்டிலை பற்றவைப்பது வீண் செலவு.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை ஏராளம், இங்கேதான் பணம் வீணாகும். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறு முகம் வரை அகலம், பட்டா உட்காரும் மேடைகளின் நடு-நடு தூரம், குழாயின் விட்டம், பினியன் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, சக்கர போல்ட் வட்டம். முன்னால் 6 போல்ட், பின்னால் 8 போல்ட் என்றால் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டும். அகலம் குறைந்த ஆக்சிலை வாங்கி ஸ்பேசரால் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் தடித்த வளையம்) சமாளிக்கும் பழக்கம் வேண்டாம். வி8 என்ஜினுக்காக 2007-இல் முன்பக்கம் அகலமாக்கப்பட்ட லேண்ட் குரூஸர் 79-இல் பின் டிராக் (இரு சக்கரங்களுக்கும் நடுவேயுள்ள அகலம்) முன்னதைவிட 95 மி.மீ. குறுகலாக நின்றுவிட்டது. பலர் ஸ்பேசரும் ஆஃப்செட் வீலும் போட்டு அதைச் சரிக்கட்டுகிறார்கள், அந்தக் கூடுதல் நெம்பு முழுக்க பேரிங்குக்குத்தான் போகிறது.

ரேஷியோ, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற பினியன் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண், முன் ஆக்சிலோடு ஒத்துப்போக வேண்டும். முன்னால் 4.10, பின்னால் 4.11 என்றால் பிரச்சினையில்லை. 4.10-க்கு 4.30 போட்டால் ஃபோர் வீலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இறுகிப்போகும். 31 டயரில் 3.9 ரேஷியோ இருந்தால் 35-க்கு அதே இழுவை கிடைக்க 3.9 × 35 ÷ 31, அதாவது 4.4 வேண்டும். ஆகவே முன், பின் இரண்டையும் சேர்த்து மாற்றத் திட்டமிடுங்கள்.

பொருத்தும்போது பட்டா மேடையை முதலிலேயே முழுசாகப் பற்றவைக்காதீர்கள். வெறும் புள்ளி வெல்டிங் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, வழக்கமான சுமையை ஏற்றி, பினியன் கோணத்தைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஜாயின்ட் ஷாஃப்டில் இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் என்றால் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளித்தண்டுக்கு இணையாக இருக்க வேண்டும். இழுக்கும்போது பட்டா முறுக்கி பினியனின் மூக்கு மேலே எழும், அதற்காக 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் இருந்தால் கணக்கே வேறு, பினியன் அந்த ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். இதைக் கோட்டைவிட்டால் அதிர்வும் கிராஸ் தேய்வும் நிச்சயம்.

வெல்டிங்குக்கு முன் டிஃப்ரென்ஷியலைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். வண்டியின் பாட்டரியையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், கரண்ட் பேரிங் வழியாகப் போனால் அதன் முகம் கருகிப் புள்ளி விழும். குழாயின் மேல் டிரஸ் (தாங்கு சட்டம்) வைத்து வலுப்படுத்துவதானால் ஒரு பக்கம் 3 செ.மீ., எதிர்ப்பக்கம் 3 செ.மீ. என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டுப் போடுங்கள். ஒரே இழுப்பாக ஓட்டினால் நேரான குழாயை நீங்களே வளைத்துவிடுவீர்கள்.

பட்டாவை ஆக்சிலோடு கட்டும் பழைய யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது. ஒருமுறை இறுக்கியது நீண்டுவிடும், புதுக் குழாயின் விட்டமும் வேறு. நான்கு நட்டையும் எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் போடுங்கள்.

பிரேக்கில் இரண்டு பொறி. பெரிய வீல் சிலிண்டருக்கோ காலிபருக்கோ எண்ணெய் அதிகம் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும். இரண்டாவது, பின் பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்றபடி மாற்றும் வால்வு. ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே அதன் கம்பி போகும். ஆக்சிலை மாற்றி உயரமும் கூடிவிட்டால், சுமையே இல்லை என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் குறைந்துவிடும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் ரோட்டில் எடுக்க வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் சென்சார் வளையத்தின் பல் எண்ணிக்கையும் பழையதோடு பொருந்த வேண்டும்.

ஹப் நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, டயல் கேஜில் பாருங்கள். டானா 60 வகையில் பிளே (ஆட்டம்) 0.03 முதல் 0.25 மி.மீ.-க்குள் நிற்க வேண்டும். புது கிரவுன் பினியனின் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) பெரும்பாலானவற்றுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ., ஆனால் அந்தந்த ஆக்சிலின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. ஃபுல் ஃப்ளோட்டரில் பலர் மறப்பது ஒன்று: டானா 60 போன்ற வகைகளில் ஹப் பேரிங்குக்கு ஆயில் ஹவுசிங்கிலிருந்துதான் போக வேண்டும், முதல் நாள் ஹப் காலி. ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றியதும் வண்டியை ஒரு பக்கமாகத் தூக்கிச் சில நிமிடம் சாய்த்து வையுங்கள், பிறகு மறுபக்கம். சமதளத்தில் நிறுத்தி அளவு பார்த்தால் குறைந்திருக்கும், மறுபடி நிரப்புங்கள்.

புது கிரவுன் பினியனோடு முதல் ஓட்டம் சுமையில்லாமல் 20 நிமிடம், பிறகு முழுசாக ஆறவிடுங்கள். 800 கி.மீ. வரை இழுவையோ முழுச் சுமையோ வேண்டாம், அப்போது ஆயிலை மாற்றுங்கள். முதல் சில ஓட்டங்களில் நிறுத்தும்போதெல்லாம் இரு ஹப்பிலும் கை வையுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் பிடிப்பு.

ஆக்சில் பெரிதானதால் வண்டியின் பதிவு எடை கூடிவிடாது, தகட்டில் உள்ள எண்தான் சட்டத்துக்கு எண். அடுத்து வளையக்கூடியது கேபினுக்குப் பின்னால் உள்ள சேஸிஸ். டபுள் கேபினில் வால் சுமையோடு ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக்கும் வைத்திருந்தால் அங்கே பெயின்ட் விரிசலை அடிக்கடி பாருங்கள்.

காட்டுக்குள் போகும்போது ஹப் நட் சாக்கெட், இரண்டு ஹப் சீல், ஒரு ஷாஃப்ட், ஹப் வாயை மூட ஒரு தகடும் கேஸ்கெட்டும் இருக்கட்டும். ஷாஃப்ட் முறிந்தால் துண்டுகளை உருவிவிட்டு, தகட்டால் மூடி, பின் ஜாயின்ட் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சக்கர இழுவையில் மெதுவாக வெளியே வந்துவிடலாம்.