முதுகு வலிக்கு எண்ணெய் காரணமா? மரபணு ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: எனக்கு வயது 46. வங்கி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். உயரம் 165 செ.மீ., எடை 82 கிலோ. இரண்டு வருடமாகக் கீழ்முதுகில் வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். கால் மரத்துப்போவதில்லை. கொழுப்பு வகைகள்தான் முதுகு வலிக்குக் காரணம் என்று மரபணு ஆய்வில் நிரூபணமாகிவிட்டதாக ஒரு செய்தி படித்தேன். வீட்டில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பயன்படுத்துகிறோம். ஆலிவ் எண்ணெய்க்கு மாறலாமா? மீன் எண்ணெய் மாத்திரை உதவுமா? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: எண்ணெயை மாற்ற வேண்டாம், அளவைக் குறையுங்கள். மாத்திரையும் பரிசோதனையும் இப்போதைக்குத் தேவையில்லை. நீங்கள் படித்தது பொய்ச் செய்தி அல்ல. ஆனால் அத்தகைய ஆய்வுகள் அளப்பது ஒன்று, தலைப்பு சொல்வது வேறொன்று.

சாதாரண உணவு ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு. முதுகு வலிக்காரர்கள் எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால், பலகாரத்தால் வலி வந்ததா, வலியால் நடமாட்டம் குறைந்து எடை கூடி உணவுப் பழக்கமும் மாறியதா என்று பிரிக்க முடியாது. இதற்கு மாற்றாக வந்ததுதான் மெண்டலியன் ரேண்டமைசேஷன். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் எந்த மரபணு வடிவம் பிள்ளைக்கு வரும் என்பது கருவுறும்போதே நடந்துவிடும் சீட்டுக் குலுக்கல். பின்னால் வரும் வேலை, வருமானம், வலி எதுவும் அந்தச் சீட்டை மாற்றாது. ஆகவே, ரத்தத்தில் ஒரு கொழுப்பைப் பிறவியிலேயே கூட்டி வைக்கும் சீட்டு யாருக்கு விழுந்தது, அவர்களுக்கு முதுகு வலி அதிகமா என்று பார்க்கிறார்கள். 1986இல் நெதர்லாந்தின் மார்ட்டின் கட்டான், குறைந்த கொலஸ்ட்ரால் புற்றுநோய்க்குக் காரணமா என்ற கேள்விக்கு இந்த யோசனையை முன்வைத்தார். முறை பலமானதுதான். 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்.டி.எல்.ஐ மரபணு வழியாகக் கூடுதலாகப் பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் காட்டியது இந்த முறைதான். ஹெச்.டி.எல்.ஐக் கூட்டும் மருந்துகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

செய்முறை இப்படி. பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் என்ற மருத்துவத் தரவுத் தொகுப்பு, 2006 முதல் 2010 வரை 40–69 வயதுக்காரர்கள் சுமார் 5 லட்சம் பேரைச் சேர்த்தது. அவர்களின் ரத்த மாதிரிகளில் ஒமேகா-3, ஒமேகா-6, நிறைவுற்ற கொழுப்பு போன்றவை அளக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கொழுப்பின் அளவோடு தொடர்புடைய மரபணுப் புள்ளிகளை (ஆளுக்கு ஆள் மரபணு எழுத்து மாறும் இடங்களை), அந்தத் தொடர்பு தற்செயலாக வரும் வாய்ப்பு 2 கோடியில் ஒன்றுக்கும் கீழே இருந்தால் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள். அருகருகே இருந்து ஒன்றாகவே கடத்தப்படும் புள்ளிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். புள்ளியின் வலுவைச் சொல்லும் எஃப் மதிப்பு 10க்குக் கீழே இருந்தால் அதைக் கழித்துவிடுவார்கள். பிறகு அதே புள்ளிகள் முதுகு வலியோடு எவ்வளவு தொடர்புடையவை என்று, பின்லாந்தின் ஃபின்ஜென் என்ற மரபணுத் தொகுப்பு போன்ற வேறொரு தரவில் பார்த்து, இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுப்பார்கள். எல்லாப் புள்ளிகளின் விடைகளையும் எடையிட்டுச் சராசரி எடுத்தால் முடிவு வந்துவிடும். தரவு கையில் இருந்தால் ஒரு மடிக்கணினியில் ஒரே மாலையில் முடிகிற வேலை. இத்தகைய கட்டுரைகள் இவ்வளவு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக ஒரு நிபந்தனை முக்கியம்: அந்த மரபணு, அந்தக் கொழுப்பின் வழியாக மட்டுமே முதுகைத் தொட வேண்டும். இடறுவது இங்கேதான். 11ஆவது குரோமோசோமில் எஃப்.ஏ.டி.எஸ்.1, எஃப்.ஏ.டி.எஸ்.2 என்ற இரண்டு மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. எண்ணெயிலிருந்து வரும் லினோலெயிக் அமிலத்தை அராக்கிடோனிக் அமிலமாக (இரண்டும் ஒமேகா-6 வகை) மாற்றும் நொதிகளை இவைதான் செய்கின்றன. ஆளி விதையின் ஒமேகா-3ஐ மீனில் இருக்கும் வகை ஒமேகா-3ஆக மாற்றுவதும் அதே நொதிகள்தான். ஒரே குழாயைத் திறந்தால் ஐந்து தொட்டியிலும் நீர்மட்டம் மாறும் கதை இது. லினோலெயிக் இறங்கும், அராக்கிடோனிக் ஏறும், ஒமேகா-3 அளவுகளும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் மாறும். ஆய்வின் விடையைத் தாங்கி நிற்பது இந்தக் குழாய் ஒன்றே என்றால், 'ஒமேகா-6தான் குற்றவாளி' என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய கட்டுரை கையில் கிடைத்தால், எஃப்.ஏ.டி.எஸ். பகுதியை நீக்கிவிட்டும் கணக்குப் போட்டிருக்கிறார்களா, அப்போதும் முடிவு நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தரவுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். எஃப்.ஏ.டி.எஸ்.2இல் தாவரக் கொழுப்பை வேகமாக மாற்ற உதவும் ஒரு கூடுதல் துண்டு சிலருக்கு இருக்கும். 2016இல் வந்த ஒரு ஆய்வில், அந்தத் துண்டின் இரண்டு பிரதிகளும் உள்ளவர்கள் புனேயில் எடுத்த மாதிரிகளில் 68 சதவீதம், அமெரிக்காவின் கன்சாஸில் 18 சதவீதம். அதாவது ஒரே எண்ணெய் இரு மக்களின் உடலில் வெவ்வேறு வேகத்தில் உருமாறலாம். பின்லாந்து விடையை அப்படியே நம் சமையலறைக்குக் கொண்டுவர முடியாது.

ரத்தத்தில் அளந்த கொழுப்பும் தட்டில் இருந்த கொழுப்பும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. லினோலெயிக் அமிலத்தை உடலால் செய்ய முடியாது. ஆகவே அதன் ரத்த அளவு ஓரளவு உணவைக் காட்டும். நிறைவுற்ற கொழுப்பு வகையான பால்மிட்டிக் அமிலம் அப்படியல்ல. தேவைக்கு மேல் சாப்பிடும் சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் பால்மிட்டிக்காக மாற்றிவிடும். ரத்தத்தில் நிறைவுற்ற கொழுப்பு கூடியிருந்தால் நெய்யை மட்டும் குறை சொல்ல முடியாது; மூன்று வேளைச் சோறும் நான்கு டம்ளர் காபிச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம்.

அளவையும் பாருங்கள். ஆட்ஸ் விகிதம் (வலி வரும் வாய்ப்பு எத்தனை மடங்கு கூடுகிறது என்பதன் ஒரு கணக்கு) 1.05 என்று ஒரு கட்டுரை சொன்னால், 100 பேரில் 20 பேருக்கு இருக்கும் வலி 21 பேருக்குக்கூட முழுதாக ஏறாது. இருபது வகைக் கொழுப்பைச் சோதித்தால் ஒன்று தற்செயலாகவே 'தொடர்புடையது' என்று வந்து நிற்கும். 'முதுகு வலி' என்ற பெயருக்குள் டிஸ்க், தசை, மூட்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. 2018இல் ஐரோப்பிய வம்சாவளியினர் 1,58,000 பேரின் மரபணுக்களை அலசியபோது நாட்பட்ட முதுகு வலியோடு தொடர்புடையதாக வந்தவற்றில் இரண்டு, எஸ்.ஓ.எக்ஸ்.5, டி.சி.சி. முன்னது குருத்தெலும்பு உருவாவதிலும் பின்னது நரம்பிழைகள் வழி காண்பதிலும் வேலை செய்பவை. கொழுப்பு மரபணுக்கள் அல்ல.

கொழுப்புக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. அராக்கிடோனிக் அமிலத்திலிருந்துதான் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது அது உருவாவதைத்தான். 2021இல் அமெரிக்காவில் 182 ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு 16 வாரம் ஒமேகா-3ஐக் கூட்டி ஒமேகா-6ஐக் குறைத்த உணவு கொடுத்தபோது தலைவலி நாட்கள் குறைந்தன. ஆனால் வைட்டல் என்ற பெரிய சோதனையில் தினம் 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை நாட்பட்ட முழங்கால் வலியைக் குறைக்கவில்லை. கடையில் வாங்கும் 1000 மி.கி. மாத்திரையில் உண்மையான ஒமேகா-3 பெரும்பாலும் 300 மி.கி.தான். அளவைக் கூட்டிப் போட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயம் கூடுகிறது. மீன் சாப்பிடுபவர் என்றால் வாரம் இரண்டு நாள் மத்தி, அயிலை அல்லது நெத்திலி போதும். குழம்பாக வையுங்கள், பொரித்தால் மீனோடு எண்ணெயும் சேர்ந்து உள்ளே போகும்.

ஆலிவ் எண்ணெயில் அதன் முக்கியக் கொழுப்பான ஓலீயிக் அமிலம் சுமார் 70 சதவீதம், கடலை எண்ணெயில் ஏறக்குறைய பாதி, நல்லெண்ணெயில் 40. இந்த வித்தியாசத்துக்காக முதுகெலும்பு உங்களுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. தினம் ஒருவருக்கு 27 கிராம் என்று வைத்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெய் போதும். உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் காலியாகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் எடை குறைக்க வேண்டியவர் என்பதால் உங்கள் பங்கு நான்கு டீஸ்பூனோடு நிற்கட்டும்.

உங்கள் உடல் நிறை குறியீடு 30. உடல் பருமன் முதுகு வலியைக் கூட்டுகிறது என்பதை இதே மரபணு முறை கொழுப்பு வகைகளைவிடத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 4 முதல் 8 கிலோ, ஆறு மாதத்தில் குறையுங்கள். நடைப்பயிற்சியை 10 நிமிடத்தில் ஆரம்பித்து வாரம் ஐந்து நாள், 30 நிமிடம் என்று கொண்டுவாருங்கள். ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடந்த சோதனையில், படிப்படியாக நடை பழகியவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். வங்கியில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். முதுகு பெல்ட் வேண்டாம். டிஸ்க் பிதுக்கத்தைப் பற்றிப் பயமும் வேண்டாம்: வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் பாதிப் பேருக்கு அது இருக்கும்.

மரபணுப் பரிசோதனையில் உங்கள் எஃப்.ஏ.டி.எஸ். வடிவம் எதுவாக வந்தாலும் மேலே எழுதியதில் ஒரு வரியும் மாறாது. அந்தப் பணத்தில் பிசியோதெரபிஸ்டை நான்கு முறை பார்த்து முதுகுத் தசைப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவராக இருந்தால் இந்தச் செய்தியை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்புக் காசநோய் நம் ஊரில் அபூர்வமல்ல. சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, நின்றுவிட்டாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் போனாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.