வாபரின் குளிசை எடுப்பவர் கீரையே சாப்பிடக் கூடாதா?

அப்பாவுக்கு, இரத்தம் உறைவதை மட்டுப்படுத்தும் வாபரின் குளிசை எழுதியிருக்கிறார்கள், கீரையைத் தொடவே கூடாது என்கிறார்கள், அது எலிப் பாஷாணம் என்று வேறு பயமுறுத்துகிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். எலிப் பாஷாணமாக விற்றது உண்மை. கீரை கூடாது என்பது பிழை. அந்தப் பிழையை எங்கள் வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று.

அம்மாவின் இதயத்தில் செயற்கை வால்வு இருக்கிறது. ஒப்பரேஷன் முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த கிழமையே மேல்மாடி அன்ரி வந்து, “பச்சையாய் ஒன்றும் வாயில் வைக்காதேங்கோ அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். வறை இல்லாமல் ஒரு நாளும் சோறு சாப்பிடாத அம்மா, அன்றோடு கீரையை அடியோடு விட்டார். மூன்று கிழமை கழித்து, சந்தைப் பை தொங்கிய முன்கையில் வெற்றிலை அளவுக்குக் கருநீலமாய்க் கண்டிப் போயிருந்தது. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற எண்ணைப் பார்த்தால் 5.2. எண் கூடினால் இரத்தம் கசியும் ஆபத்து, குறைந்தால் உறையும் ஆபத்து. அம்மாவுக்கு இருக்க வேண்டியது 2.5க்கும் 3.5க்கும் இடையில். டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, “கீரையை விட்டிட்டீங்களா அம்மா?” என்பதுதான்.

சரி, சாப்பிடலாம் என்று தெரிந்ததும் அடுத்த கூத்து. யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா இரவு பஸ்ஸில் ஒரு பை நிறைய முருங்கையிலை அனுப்பிவிட்டார். வீணாக்கக் கூடாதென்று பத்து நாள் தொடர்ந்து வறை. ஐஎன்ஆர் 1.7க்கு இறங்கியது. வால்வில் இரத்தம் கட்டியாக உறையக்கூடும் என்பதால் டொக்டர் இதற்குத்தான் அதிகம் பயந்தார்.

காரணம் ஒரு நொதியம். ‘இரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை’ என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் தண்ணியாவதே இல்லை. இரத்தத்தை உறைய வைக்க ஈரல் செய்யும் புரதங்களான உறைதல் காரணிகளில் 2, 7, 9, 10 ஆகிய நான்குக்கும் கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கும். அது முடிந்தால்தான் அவை கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு காயம்பட்ட இடத்தில் போய் ஒட்டும். அந்த வேலைக்கு விற்றமின் கே வேண்டும். ஒருமுறை வேலை செய்ததும் அந்த விற்றமின் ‘வெறும் போத்தல்’ ஆகிவிடுகிறது. முன்பு கடையில் வெறும் போத்தலைக் கொடுத்து சோடா வாங்குவோமே, அதேபோல வெறும் போத்தலைத் திருப்பி எடுத்து மறுபடி நிரப்பிக் கொடுப்பது விற்றமின் கே எபொக்சைட் ரிடக்டேஸ் என்ற நொதியம். உடம்பில் விற்றமின் கே கையிருப்பு மிகக் கொஞ்சம் என்பதால் இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாபரின் அந்த நொதியத்தின் கையைப் பிடித்து வைக்கிறது. ஈரல் காரணிகளைச் செய்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அரைகுறையாக.

கீரையில் விற்றமின் கே நிறைய இருக்கிறது, அதாவது கீரை என்பது வெளியிலிருந்து வரும் புதுப் போத்தல். தினமும் எத்தனை வருகிறது என்பதற்கு ஏற்பத்தான் உங்கள் அப்பாவின் குளிசை அளவு அமையும். திடீரென்று நிறுத்தினால் ஐஎன்ஆர் ஏறும், திடீரென்று குவித்தால் இறங்கும். அதுவும் உடனே தெரியாது. ஏழாம் காரணி சில மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும். இரண்டாம் காரணி பாதியாகக் குறைய இரண்டு மூன்று நாள் ஆகும். இன்னொரு சங்கடம்: உறைதலை அடக்கும் புரதம் சி என்பதற்கும் இதே விற்றமின் வேண்டும், அது சீக்கிரமே குறைந்துவிடும். வாபரின் தொடங்கும் முதல் நாட்களில் பலருக்கு, உறைதலை உடனே தடுக்கும் ஹெபரின் ஊசியும் சேர்த்துப் போடுவது இதனால்தான்.

அப்புறம் எலிக் கதை. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனப் பயிரின் வைக்கோல் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. 1933இல் ஒரு விவசாயி உறையாத மாட்டு இரத்தத்தைப் பால் கேனில் ஊற்றிக்கொண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கின் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அந்த வழியில் வந்ததுதான் வாபரின். 1948இல் எலிக்கு, 1954இல் மனிதருக்கு. அது பிடித்து வைக்கும் நொதியத்தின் மரபணுவையோ 2004இல்தான் கண்டுபிடித்தார்கள்! அந்த மரபணு ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். ஒருவருக்கு 2 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 7 வேண்டியிருக்கும். அதனால் அம்மாவின் அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை, நீங்களும் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டாம்.

பல் பிடுங்கப் போனால் வாபரின் எடுப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அங்கே கொடுக்கக்கூடிய மெட்ரோனிடசோல் போன்ற கிருமிக்கொல்லிக் குளிசைகள் ஐஎன்ஆரை ஏற்றிவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் ஒரு தேநீர்க் கோப்பை அளவு கீரை, கூடவும் இல்லை குறையவும் இல்லை. பெரியம்மாவின் பார்சல் இன்னும் வருகிறது. பாதி மேல்மாடி அன்ரிக்குப் போகிறது.