வாசகர் கேள்வி – பதில்: காலநிலையை எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். ஒரு புட்டியில் சாதாரணக் காற்றும் மற்றொன்றில் கரியமில வாயுவும் நிரப்பி, விளக்கின் கீழ் வைத்து, இரண்டாவது கூடுதலாகச் சூடேறுவதைக் காட்டிப் புவி வெப்பமடைதலை விளக்குவது என் வழக்கம். “புட்டிக்குள் நடப்பதுதான் வானத்திலும் நடக்கிறதா?” என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். என்ன சொல்வது? – ஆசிரியை ஒருவர்

பதில்: அவனைப் பாராட்டிவிட்டு, ‘இல்லை’ என்று சொல்லுங்கள். கரியமில வாயு காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே அது புட்டிக்குள் மேலும் கீழுமாகச் சுழன்று வெளிக்காற்றோடு கலப்பது குறைகிறது, வெப்பம் உள்ளேயே தங்குகிறது. கரியமில வாயுவைப் போலவே காற்றைவிட அடர்த்தியான, ஆனால் அகச்சிவப்புக் கதிர்களை (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை) உறிஞ்சாத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே விளைவு கிடைப்பதை ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். முடிவு சரியாக இருப்பதாலேயே அதற்குக் காட்டிய சான்றும் சரியாகிவிடாது. இதை அந்த வகுப்பிலேயே வெளிப்படையாகப் பேசுவது, சோதனையைவிட நல்ல அறிவியல் பாடமாக அமையும்.

சூரிய ஒளியால் சூடேறிய தரை, அந்த ஆற்றலை அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகிறது. நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியவை அதில் ஒரு பகுதியை உறிஞ்சி, மீண்டும் எல்லாத் திசைகளிலும் வெளியிடுவதால், கொஞ்சம் தரைக்கே திரும்பி வருகிறது. இதை உணர்த்தத் தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும் (காய்ச்சல் பார்க்கும் கருவி குறுகிய எல்லைக்குள் மட்டுமே அளவு காட்டும் என்பதால் உதவாது). சூரியன் மறைந்த பின், மேகமற்ற வானத்தை நோக்கி ஒரு முறையும், மேகமூட்டமான மாலையில் ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். தெளிந்த வானம் தரையைவிட மிகவும் குளிர்ந்ததாகவும், மேகம் தெளிந்த வானத்தைவிட வெதுவெதுப்பாகவும் காட்டும். மேகமூட்டமான இரவுகள் ஏன் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். மேலிருந்து வெப்பம் திரும்பி வருகிறது என்பது பிடிபட்ட பிறகு, வாயுக்களைப் பற்றிய பாடத்துக்குப் போகலாம்.

கேள்வி: எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் மரம் நடுவிழா, ஓவியப் போட்டி, உறுதிமொழி ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கின்றன. வேறென்ன செய்யலாம்? – மன்றப் பொறுப்பாசிரியர்

பதில்: நட்ட மரங்களில் எத்தனை பிழைத்தன என்ற கணக்கு மன்றத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கிருந்தே தொடங்கலாம். கணக்கெடுக்காத விழா, கல்வியில் சேராது என்பது என் கருத்து.

அடுத்து, ஒரு மழைமானி வையுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள, தட்டையான அடியுடைய ஒரு பாத்திரமும் அளவுகோலும் இருந்தால் போதும். கட்டடம், மரம் ஆகியவற்றின் உயரத்தைப் போல இருமடங்கு தூரம் தள்ளித் திறந்தவெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். மழையில்லாத நாளுக்கும் ‘0’ என்று எழுதுவது முக்கியம், ஏனென்றால் வெற்றிடத்தைப் பார்க்கிறவருக்கு அன்று மழை பெய்யவில்லையா, யாரும் அளக்கவில்லையா என்பது தெரியாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் பெய்யும் 1 மி.மீ. மழை 1 லிட்டர் தண்ணீர்; பள்ளிக் கூரையின் பரப்பை அளந்துவிட்டால், ஒரு மழையில் எவ்வளவு தண்ணீர் வீணாக ஓடியது என்பதை ஆறாம் வகுப்பு மாணவரே கணக்கிட்டுவிடலாம்.

ஓராண்டுப் பதிவு வானிலையை மட்டுமே சொல்லும். உலக வானிலை அமைப்பு ஓரிடத்தின் காலநிலையை 30 ஆண்டுச் சராசரியைக் கொண்டே வரையறுக்கிறது. எனவே பதிவேட்டை ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு தேவை. ஹவாய் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் தொடங்கிய அளவீடு, பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு என்றிருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டியதைக் காட்டுகிறது என்றால், இடைவிடாமல் அளந்ததே அதற்குக் காரணம்.

கேள்வி: 2030-க்குப் பிறகு உலகம் அழிந்துவிடும் என்று வகுப்பில் கேட்டுவிட்டு வந்த என் மகள் இரவில் சரியாகத் தூங்குவதில்லை. எப்படித் தேற்றுவது? – ஒரு தாய்

பதில்: அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து புவியின் சராசரி வெப்ப உயர்வை 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்த வேண்டுமானால், 2010-ஐ ஒப்பிட 2030-க்குள் நிகரக் கரியமில வாயு வெளியேற்றம் (வெளிவிடுவதில் உறிஞ்சி அகற்றுவதைக் கழித்தது) ஏறத்தாழ 45 விழுக்காடு குறைய வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2018-இல் கணித்தது. அது இலக்குக்கான ஆண்டு. அழிவுக்குக் குறித்த நாள் அன்று. அதைத் தவறவிட்டாலும், தடுக்கப்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு பாகைக்கும் பயன் உண்டு. “ஒன்றும் ஆகாது” என்று பொய் சொல்லித் தேற்ற வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓசோன் படலத்தைச் சிதைத்த வேதிப்பொருள்களை 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியாக நாடுகள் கட்டுப்படுத்தியதையும், படலம் இப்போது மெல்ல மீண்டு வருவதையும் சொல்லலாம். (ஓசோன் ஓட்டை வழியாக வெப்பம் நுழைவதால்தான் பூமி சூடாகிறது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அவை வெவ்வேறு சிக்கல்கள்.)

கேள்வி: மட்கும் குப்பை, மட்காத குப்பை பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுவிட்டோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், யாரும் பிரித்துப் போடுவதில்லை. இன்னும் எப்படி விழிப்புணர்வு ஏற்படுத்துவது? – சங்கச் செயலாளர்

பதில்: விழிப்புணர்வு போதாமல் போனதாகத் தெரியவில்லை. 1977-இல் திபிலிசியில் (இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர்) யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களாக விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு ஆகிய ஐந்தையும் குறிப்பிட்டது. நம் முயற்சிகளில் பெரும்பாலானவை முதலாவதிலேயே நின்றுவிடுகின்றன. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவுக் கழிவு மீத்தேனை வெளிவிடுகிறது என்பதும், 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்கு வெப்பமூட்டக்கூடியது என்பதும் தெரிந்தவர்கள்கூட, தாங்கள் பிரித்துக் கொடுத்த இரண்டு கூடைகளும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தால், மறுநாள் முதல் பிரிப்பதை விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. முதலில் குப்பை எடுக்க வருபவர்களோடு உட்கார்ந்து பேசி, எந்தக் கிழமை எது எடுக்கப்படும், எங்கே போகும் என்பதை முடிவு செய்யுங்கள். மட்கும் குப்பையை உரமாக்க வளாகத்திலேயே ஒரு குழி வெட்ட இடமுண்டா என்றும் பாருங்கள். அது நடைமுறைக்கு வரும்வரை அடுத்த விழிப்புணர்வுக் கூட்டத்தைத் தள்ளி வைக்கலாம்.