சைக்கிள் சந்தேகங்கள்: சிரிக்க மாட்டேன், கேளுங்கள்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘பெயர் போட வேண்டாம்’ என்ற வேண்டுகோளுடன் வந்தவை. ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர்: ஆன்லைன்ல வாங்கின சைக்கிளை நானே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி ரெண்டு மாசமா ஓட்டுறேன். நேத்து ஒரு கடைக்காரர், “சார், ஃபோர்க்கு பின்பக்கமா திரும்பியிருக்கு”ன்னார். அப்ப எப்படி ஓடுச்சு?

ஓடும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. பெட்டியில் அடங்கட்டும் என்று ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை, திருப்பி வைத்து அனுப்புவார்கள். நாம் ஹேண்டில்பாரை மட்டும் நேராக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்: முன் டிஸ்க் இடப்பக்கம் இருக்க வேண்டும், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ஃபோர்க்குக்குப் பின்னால் இருக்க வேண்டும். சக்கர வளையத்தைப் பிடிக்கும் சாதாரண ரிம் பிரேக் என்றால் அது ஃபோர்க்குக்கு முன்னால் தெரிய வேண்டும். ஃபோர்க் திரும்பியிருந்தால் முன் சக்கரம் உள்ளே தள்ளி வந்துவிடும். மெதுவாகத் திரும்பும்போது ஷூ முனை டயரில் இடிக்கும். உங்களுக்கு இடித்திருக்கும், ‘இந்த மாடலே இப்படித்தான்’ என்று விட்டிருப்பீர்கள்.

ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, கேபிள் சுற்றிக்கொள்ளாமல் ஃபோர்க்கைத் திருப்புங்கள். ஸ்டெம் உச்சியில் இருக்கும் மூடி போல்ட் ஹேண்டில்பாரைப் பிடிப்பதற்கல்ல, பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு. அதை முதலில் அளவாக இறுக்கிவிட்டு, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்றால் இன்னும் ஆட்டம் இருக்கிறது.

ஈரோடு: டிஸ்க் பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. இப்ப பிரேக்கும் நின்னுடுச்சு.

இதைச் சரிசெய்யும் வரை தெருமுனைக்குக்கூட ஓட்டாதீர்கள். எங்கே உரச வேண்டுமோ அங்கே எண்ணெய் விட்டிருக்கிறீர்கள். டிஸ்க் தகட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால், ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பக்கத்தை மாற்றித் துடைத்தால் அது பிழைத்துக்கொள்ளும். டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் பிழைப்பது கடினம், எண்ணெயைக் குடித்துவிடும். உப்புத்தாளில் தேய்ப்பது, அடுப்பில் சுடுவது என்று வைத்தியங்கள் உலவுகின்றன. நான் புதுப் பேட் போடத்தான் சொல்வேன். போட்டதும் வண்டி வராத தெருவில் கொஞ்சம் வேகமெடுத்து, முழுதாக நிற்குமுன் பிரேக்கை விட்டு, இருபது தடவையாவது பழக்குங்கள். அப்போதுதான் பிடிப்பு வரும்.

செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே செய்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பின் டிஸ்க் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ப்ரே வேண்டாம், கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

திருச்சி: இடது பெடலைக் கழட்ட ஸ்பேனர்ல ஏறியே நின்னுட்டேன் அண்ணே. அசையல.

நீங்கள் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள் தம்பி. இடது பெடலின் மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கக் கழன்று வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இடம் வலம் யோசித்துக் குழம்ப வேண்டாம். ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். எந்தப் பெடலானாலும் பின் சக்கரத்தின் பக்கம் இழுத்தால் கழலும், முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலால் மட்டும் சுற்றுங்கள். விரலுக்கு வராமல் ஸ்பேனரால் திணித்தால் பெடல் மாட்டும் அலுமினியக் கிராங்கின் மரை போய்விடும்.

மதுரை: பஞ்சர் ஒட்டிட்டு வந்த மறுநாளே திரும்பக் காத்து இறங்குது. கடைக்காரர் ஏமாத்துறாரா?

அவரைச் சந்தேகிக்குமுன் ஓட்டை எங்கே என்று பாருங்கள். டயர் பக்கம் ஒற்றை ஓட்டையா? முள் இன்னும் டயரிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் சீமைக்கருவேல முள் நுனி உடைந்து உள்ளேயே தங்கிவிடும், வெளியிலிருந்து தெரியாது. டயரின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் தடவுங்கள், முள் துணியைப் பிடித்து இழுக்கும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் என்றால் காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள். ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. ஓட்டை ரிம் பக்கம் என்றால் போக்ஸ் கம்பி முனைகளை மூடும் பட்டை விலகியிருக்கும்.

நீங்களே ஒட்டுவதானால், சொல்யூஷன் தடவியவுடன் ஒட்டாதீர்கள். ஐந்து நிமிடம் காயட்டும். விரலில் ஒட்டாத பக்குவம் வந்த பிறகுதான் பேட்ச் போட வேண்டும். அவசரத்தில் ஒட்டியதுதான் மறுநாள் பிய்த்துக்கொண்டு வருவது.

திண்டுக்கல்: துப்பட்டா செயின்ல மாட்டி நடுரோட்டுல நின்னேன். இழுக்க இழுக்க உள்ளே போச்சு.

இழுக்காதீர்கள். வண்டியை ஓரத்தில் நிறுத்தி, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் போன வழியே வெளியே வரும். பின் சக்கரத்துக் கம்பிகளில் சிக்குவது இதைவிட மோசம், ஆளையே சாய்த்துவிடும். கிளம்புமுன் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை: கிளிப் ஷூ வாங்கி முதல் நாளே சிக்னல்ல, பஸ் ஜன்னல் எல்லாம் பார்க்க, நின்ன இடத்துலயே விழுந்தேன்.

எல்லோரும் விழுகிற விழுதல்தான் அது. கிளிப் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும், காலை மேலே இழுத்தால் வராது. குதிகாலை வெளியே திருப்ப வேண்டும். எப்போதும் ஒரே காலை, நம் சாலையில் இடது கால் வசதி, நிற்பதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள். பெடலில் கூட்டல், கழித்தல் குறியோடு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். கழித்தல் பக்கம் திருப்பினால் பிடிப்பு தளரும்.

பாளையங்கோட்டை: எனக்கு 43 வயசு. சைக்கிளே ஓட்டத் தெரியாது. பையனிடம் கேட்டால் சிரிக்கிறான்.

குரங்கு பெடல் போட்டு முழங்கால் தேய்த்துப் பழகிய காலம் போகட்டும் அம்மா, உங்களுக்கு அது வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இரு பாதமும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். லேசான சரிவில், காலால் தள்ளித் தள்ளி நகருங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, தொலைவில் இருக்க வேண்டும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சாயாமல் உருள முடிந்த பிறகு பெடலை மாட்டினால் போதும். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட ஆளே தேவைப்படாது, பையன் உட்பட.

ஓசூர்: பெட்ரோல் பங்க்ல காத்து ஏறவே மாட்டேங்குது. வால்வு ஒல்லியா இருக்கு.

அது பிரெஸ்டா வால்வு. உச்சியிலுள்ள குட்டி மரையைத் தளர்த்தி, ஒருமுறை அமுக்கிவிட்டு அடிக்க வேண்டும். பங்க் குழாய்க்கு ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள். வாங்கிச் சீட்டுக்கடியில் வைத்திருங்கள்.