வாசகர் கேள்வி: ஊரிலிருந்து திரும்பும் ராத்திரி

கேள்வி: ஒரு வாரம் திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு தாம்பரம் திரும்பும்போதெல்லாம் ரயில் கிளம்பியதுமே அழுகை வந்துவிடுகிறது. அம்மா கட்டிக் கொடுக்கும் மூட்டைகளும் அதிகம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: சொல்லாதீர்கள். கருப்பட்டி, புளி, முருங்கைக்காய் எல்லாம் தாம்பரத்திலும் கிடைக்கும்தான், ஆனால் நீங்கள் வருவதற்கு முன்பே எடுத்து வைத்ததைக் கொண்டுபோக மாட்டேன் என்றால் அந்த மனசு என்ன பாடுபடும்? ஸ்லீப்பர் பெட்டியில் ஒருவர் 40 கிலோ வரை தனிக் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம். அது தாராளமாகப் போதும். எண்ணெய், ஊறுகாய் இருந்தால் மட்டும் மூடியில் பிளாஸ்டிக் தாள் கட்டி, நிமிர்த்தி வையுங்கள்.

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. நானும் கோவில்பட்டி தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்தபடியேதான் இருப்பேன், அப்புறம் சாத்தூர் வந்ததும் அம்மா மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கட்டிய இட்லியைப் பிரித்தால் அந்த வாசனையிலேயே பாதி மனசு சரியாகிவிடும்.

இன்னொன்று, இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்த வழி. 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகத்தான் ரயிலில் முன்பதிவு செய்ய முடியும், அதனால் இரண்டு மாதத்துக்குள் அடுத்து வர முடியுமென்றால் ஊரில் இருக்கும்போதே டிக்கெட் எடுத்து, தேதியை அம்மா வீட்டு நாள்காட்டியில் உங்கள் கையாலேயே வட்டமிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.